துரைக்கு வழிவிட்ட காலை

வெள்ளைக்காரர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அவர்களுடைய பங்களாவின் பின்வாசலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒருவரைப் பற்றி எழுதாமல் கண்ணை மூட மனம் வரவில்லை. எங்கள் தோட்டத்துக்குப் பெரிய துரையாக இருந்தவர் அவர். என் அப்பாவைக் கன்னத்தில் அறைந்தவரும் அவர்தான்.

பாலிங் சாலையிலிருந்து பிரிந்து மூன்று மைல் உள்ளே போனால் எங்கள் தோட்டம். துரை ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை என்று கணக்கெழுதும் கிராணி சொல்லுவார். சீமையில் அவர் அப்பாவுக்குப் பட்டம் உண்டு, நாங்கள் குடியிருந்த லயங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அத்தனை அறை வராத வீடு உண்டு. அதெல்லாம் மூத்த மகனுக்குப் போய்விடுமாம். இளையவரான இவர் பட்டாளத்துக்குப் போய், முதல் பெரிய யுத்தத்தில் கேப்டனாக இருந்து, இடது காலில் குண்டுச் சிதறலோடு கெடாவுக்கு வந்து சேர்ந்தார். அதனால் கொஞ்சம் விந்தி விந்தித்தான் நடப்பார். வந்த புதிதில் மற்ற துரைமாரைவிட இவர் நல்லவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சத்தம் மட்டும் இவருக்குக் கொஞ்சம் அதிகம்.

துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். நடந்து போகிறவன் புல்லில் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்து, அவர் போகும்வரை குனிந்து நிற்க வேண்டும். பெண்கள் தலைச்சுமையை இறக்கிவிட்டு நிற்க வேண்டும். இதை எந்த நோட்டீஸிலும் எழுதி ஒட்டவில்லை. நடக்கப் பழகும்போதே அம்மா தொடையில் கிள்ளிக் கிள்ளிக் கற்றுக்கொடுத்துவிடுவாள்.

அப்பா கங்காணி. ஒரு மழை நாளில் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் மிதித்து வந்தவர், துரையின் காரைக் கவனிக்கவில்லை. துரை காரை நிறுத்தி இறங்கி வந்து ஒரு அறை விட்டார். அப்பா வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. அந்த மனுஷனைக் கொன்றுபோட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் மத்தியானம் துரை எங்கள் லயத்துக்கு வந்தார். எந்தத் துரையும் லயத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அம்மா அடுப்படியில் ஒளிந்துகொண்டாள். வேலையை விட்டு நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே போனார். துரைமார் படித்து வைத்திருந்த தமிழ் முழுக்க ஏவல்தான். வா, போ, வெட்டு, தூக்கு. மன்னிப்புக் கேட்க அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் திண்டாடிவிட்டு, "நான் தப்பு. நீ அடி" என்று சொல்லிக் கன்னத்தைக் காட்டினார். அப்பா பின்வாசல் வழியாக ஓடாத குறைதான். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு ஏனோ அழுகை வந்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் வேலையை விட்டுவிட்டு அலோர் ஸ்டார் பட்டணத்துக்குப் போனார். ஒரு துணிக்கடைக்குப் பின்னால் அச்சு இயந்திரம் ஒன்றை வைத்து, மாதம் இருமுறை வரும் அரசியல் பத்திரிகை தொடங்கினார். முதல் இதழின் முதல் கட்டுரை, தன் சொந்த சைக்கிளில் உட்கார்ந்திருந்த குற்றத்துக்காக ஒரு மனிதனை நான் அடித்தேன் என்று ஆரம்பித்தது. துரைமார் கிளப்பில் அதைக் கொளுத்தினார்களாம். கூடச் சேர்ந்து குடித்தவர்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். குடும்பப் பெயரைக் கெடுக்காதே என்று சீமையிலிருந்து அண்ணன் கடிதம் எழுதினார். துரை அந்தக் கடிதத்தையும் ஒரு வரி விடாமல் அடுத்த இதழில் போட்டுவிட்டார்.

மிஷன் பள்ளியில் நான் கொஞ்சம் இங்கிலீஷ் படித்திருந்தேன். டைப் அடிக்கவும் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பத்திரிகையில் வேலை கேட்டுப் போ என்று அப்பாதான் சொன்னார். உங்களை அடித்தவரிடமா என்று கேட்டேன். "அடிச்சவன் எத்தனையோ பேரு. வீடு தேடி வந்தவன் அவன் ஒருத்தன்தான்" என்றார்.

நாலு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். அவர் விந்தி விந்தி நடந்துகொண்டே சொல்ல, நான் டைப் அடிப்பேன். தோட்டங்களில் சாகும் பச்சைக் குழந்தைகளைப் பற்றி, கள்ளுக்கடையைப் பற்றி, கூரை ஒழுகும் பள்ளிக்கூடங்களைப் பற்றி, சீனாவில் ஜப்பான் செய்கிற அக்கிரமத்தைப் பற்றியெல்லாம் எழுதுவார். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். மூன்று வேளையும் டின் மத்தி மீன் தின்பார். அவர் தமிழைக் கேட்கச் சகிக்காமல் "நீங்க" என்று பேசக் கற்றுக்கொடுத்தேன். அதன்பிறகு அச்சகத்துப் பூனையைக்கூட "நீங்க வெளிய போங்க" என்றுதான் விரட்டினார். அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பால்வெட்டுக்காரர்களும் கிராணிமாரும் பள்ளி நோட்டுத்தாளில் எழுதியனுப்பிய கடிதங்கள் அதில் பூட்டிக் கிடக்கும். எழுதியவர் பெயர் ஒருநாளும் பத்திரிகையில் வராது. என்னிடம்கூடப் பெயர் இருக்கும் இடத்தை மடித்து மறைத்துத்தான் கொடுப்பார்.

ஜப்பான்காரன் சயாம் எல்லையைத் தாண்டிவிட்டான் என்ற செய்தி வந்தபோது, அலோர் ஸ்டாரிலிருந்த வெள்ளைக்காரர்கள் துணியைக்கூட மடிக்காமல் தெற்கே ஓடினார்கள். பட்டாள லாரிகள் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. துரையின் காரும் வாசலில் தயாராக நின்றது. அவரோ புழக்கடையில் ஒரு தகர டிரம்மை வைத்து, அந்தப் பெட்டியிலிருந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். தூறலில் தாள் நனைந்து தீப்பிடிக்க மறுத்தது. அப்படியே போட்டுவிட்டுப் புறப்படுங்கள் என்று நான் கத்தினேன். ஜப்பான்காரன் கையில் இது சிக்கினால், எழுதியவர்களிடம் ஓடிப்போகக் கார் இல்லையே என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். கடைசிக் கடிதம் சாம்பலாகும்போது பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சத்தம் கேட்டது. இனி பெரிய சாலையில் தெற்கே போக வழியில்லை.

அவரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது என்று நான்தான் முடிவெடுத்தேன். அப்பா அதற்கு முந்திய வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று மட்டும் தெரிந்தது. தெரிந்த காய்கறி லாரிக்காரர் ஒருவர் சாக்குகளுக்கு அடியில் அவரைப் படுக்கவைத்து, குறுக்குச் சாலைகளிலேயே ஓட்டி வந்து சேர்த்தார்.

தோட்டத்தில் வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. கிராணிதான் எல்லாம். ரப்பரை வாங்க ஆளில்லாததால் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கொட்டகை அடுப்பவிந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் அப்பாவின் பழைய கூட்டாளி. நான் மாமா என்று கூப்பிடுவேன். துரையைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்ததும் மாமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாயை விரித்தார், தண்ணீர் வைத்தார், கதவைச் சாத்தினார். ஓராண்டுக்கு மேல் துரை அங்கே இருந்தார். வெள்ளைக்காரனை ஒளித்து வைத்தால் குடும்பத்தோடு தலை போகும் என்று ஜப்பான்காரன் தண்டோரா போட்டிருந்தான். லயத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இதை நினைத்தால் எங்கள் ஜனங்கள்மேல் எனக்கு இப்போதும் பெருமைதான்.

துரை எங்களைப் போலவே வேகவைத்த மரவள்ளியைத் தின்றார். மத்தி டின்னைக் கனவில் கண்டதாகச் சொல்லிச் சிரிப்பார். கொட்டகைக் கரி உடம்பெல்லாம் ஏறி, கழுவினாலும் போகவில்லை. சும்மா இருக்க மட்டும் அவரால் முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு, முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். போனவர்களில் இரண்டு பேர் தப்பி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்குக் காலில் எலும்பு தெரியப் புண். துரை ஒரு பகல் முழுக்க அவர்களை உட்காரவைத்து, நான் மொழிபெயர்க்க, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கே, எத்தனை பேர், யார் பார்த்தது, நீ பார்த்ததா அடுத்தவன் சொன்னதா? பொய் கலந்தால் பத்திரிகை செத்துவிடும் என்பார்.

அவர் எழுதியதை நான் தமிழாக்கி, கார்பன் தாள் வைத்து ஒரு பக்கமாக எழுதினேன். சயாமுக்குப் போகாதீர்கள், போனவர்கள் சாகிறார்கள் என்று ஆரம்பித்து, பார்த்தவர்கள் சொன்னதை அப்படியே வைத்தோம். தஞ்சோங் டாவாயிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவருகிற மலாய்க்காரர் ஒருவர் அதில் கருவாட்டைச் சுற்றித் தோட்டம் தோட்டமாகக் கொடுத்தார். மாதம் ஒரு தாள் போனது. அலோர் ஸ்டாரில் அச்சடித்த பத்திரிகையைவிட இந்தக் கருவாட்டுத் தாளைத்தான் துரை பெரிதாக நினைத்தார். எத்தனை பேர் அதைப் படித்துவிட்டுக் காட்டுக்குள் ஓடித் தப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. லாரி வந்து வெறுங்கையோடு திரும்பிய தோட்டங்கள் இருந்தன என்பது மட்டும் தெரியும்.

ஒருநாள் ஜப்பான்காரர்கள் எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள். ஓர் ஆபீசர், பத்துப் பதினைந்து சிப்பாய்கள், பேச்சை மொழிபெயர்க்கப் பினாங்கிலிருந்து கூட்டிவந்த துபாஷி ஒருவன். பங்களாவில் தங்கினார்கள். மறுநாள் காலை அரிசி மூட்டைகளைப் புகைக் கொட்டகையில் அடுக்கப்போகிறார்கள் என்று கிராணி மூச்சிரைக்க வந்து சொன்னார். அதற்கு முன்னால் துரையை அங்கிருந்து நகர்த்தியாக வேண்டும்.

காலையில் ஆளெண்ணும் பெரட்டு முடிந்ததும் ஆட்கள் மரவள்ளிக் காட்டுக்குக் கூட்டமாகப் போவது வழக்கம். காட்டோரம் போய்விட்டால் அப்புறம் மலைதான். ஆகவே அந்தக் கூட்டத்தின் நடுவில் அவரை நடத்திக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மாமா கரியில் தேங்காயெண்ணெய் குழைத்து முகத்திலும் கழுத்திலும் தேய்த்துவிட்டார். என் அண்ணனின் பனியன், அரைக்கால் சட்டை, தலைத்துண்டு. உயரம் தெரியாமல் குனிவதற்கு முதுகில் மரவள்ளிக் குச்சிக் கட்டு. கண் நீலமாக இருப்பதால் தரையைவிட்டு எடுக்கவே கூடாது. விந்தல் தெரியாமலிருக்க, பின்னால் வருகிற அண்ணனும் விந்தி நடக்க வேண்டும். இரண்டு பேருக்குப் புண் கால் என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அந்தக் காலத்தில் யாருக்குத்தான் புண் இல்லை? எதையும் விட்டுவைக்காமல் யோசித்தோம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் இருபது பேர் புறப்பட்டோம். ஸ்டோருக்கு முன்னால் இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். எங்களைப் பார்த்தார்கள், பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். ஸ்டோரைத் தாண்டி ஒரு கால்வாய், அதன்மேல் ஒற்றைப் பலகை. முன்னால் போன நாங்கள் ஏழெட்டுப் பேர் தாண்டிப் போய் அக்கரையில் நின்று, பின்னால் வருகிறவர்களைப் பார்த்தோம். அங்கே நின்றதுதான் தப்பு. துரை பலகையில் மெதுவாகக் கால் வைத்து, தாண்டி, எங்கள் எதிரே வந்தார்.

மாமா மண்வெட்டியைக் கீழே வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார். புல்லில் இறங்கிக் குனிந்து நின்றார். பக்கத்திலிருந்தவர் இறங்கினார். அதற்கடுத்தவரும் இறங்கினார். பாதை முழுக்கக் காலியாகி, குச்சிக் கட்டைச் சுமந்த ஒரு கூலிக்காரர் மட்டும் நடுவில் நின்றார்.

மாமாவின்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. என் தலையிலிருந்த கூடை கீழே இருந்தது. நானும் புல்லில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த மரியாதை தவறியதற்காக அறை வாங்கியவரின் மகள், அதை எதிர்த்து அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் டைப் அடித்தவள். எப்போது இறக்கினேன், எப்போது ஒதுங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. முன்பின் தெரியாத நூறு பேரைக்கூட மறைத்திருக்கலாம். எங்கள் சொந்தத் துரையை எங்களிடையே மறைக்க எங்கள் உடம்பு விடவில்லை.

யார் யாருக்குக் குனிவார்கள் என்பது ஜப்பான்காரனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு சிப்பாய் கத்திக்கொண்டே ஓடிவந்தான். துரை எங்களை ஒருமுறை பார்த்தார். அந்த முகத்தில் கோபம் துளிகூட இல்லை. குச்சிக் கட்டைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்.

எங்கள் இருபது பேரையும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஆபீசர் வாளோடு வந்தான். துரையின் முதுகில் துப்பாக்கிக் கட்டையால் அடித்து, வரிசையின் முன்னால் நடக்கவைத்தார்கள். உனக்குச் சோறு போட்டவன் யார், துணி கொடுத்தவன் யார், காட்டு என்று துபாஷி இங்கிலீஷில் கேட்டான்.  ஓர் அடி முன்னால் வைக்கப் போன மாமாவை என் அண்ணி வேட்டியைப் பிடித்து நிறுத்தினாள். துரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னையும் பார்த்தார். நாலு வருஷம் என் எதிரே நடந்து நடந்து பேசியவர், சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போனார்.

வரிசை முடிந்ததும், கிளப்பில் பேசுகிற அந்தப் பழைய குரலில் பதில் சொன்னார். இன்று காலைதான் காட்டிலிருந்து இறங்கி வந்தாராம். துணியைக் கொடியிலிருந்து திருடி, கரியையும் தானே பூசிக்கொண்டாராம். இந்தக் கூட்டத்துக்குப் பின்னால் தானாக வந்து சேர்ந்துகொண்டாராம்.

"அப்படியானால் ஏன் உனக்கு வழிவிட்டார்கள்?"

"கரி பூசியிருந்தாலும் வெள்ளைக்காரனைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்று இவர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். எந்த வெள்ளைக்காரன் வந்திருந்தாலும் ஒதுங்கியிருப்பார்கள். எனக்கு இந்தக் கூலிகளில் ஒருவனையும் தெரியாது. எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது."

துபாஷி அதை ஜப்பான் மொழியில் சொன்னான். ஆபீசர் சிரித்தான். வெள்ளைக்காரன் இப்படித்தான் பேசுவான் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். ஆண்களுக்கு ஆளுக்கு இரண்டு அறை விழுந்தது. பிறகு எங்களை விரட்டிவிட்டார்கள். எங்கள் தப்பையே எடுத்து எங்களுக்குச் சாட்சியாக்கிவிட்டார் அந்த மனுஷன். அடி விழுந்த ஒரு நிமிஷத்துக்குள் அவருக்கு அது தோன்றியிருக்கிறது. அவரைவிடப் புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று அந்தப் புத்தியைச் செலவழித்தவரைப் பார்த்ததில்லை.

துரையை லாரியில் ஏற்றி அலோர் ஸ்டார் பக்கம் கொண்டுபோனார்கள். அதற்கப்புறம் அவரைப் பார்த்தவர் யாரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சிறையில் செத்தார் என்று யுத்தம் முடிந்தபிறகு ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து சொன்னார். கருவாட்டுத் தாள் அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து நானே எழுதினேன். அவர் கேட்டதுபோலவே, நீ பார்த்ததா, அடுத்தவன் சொன்னதா என்று கேட்டுத்தான் எழுதினேன்.

அந்தக் காலையில் லாரி போனபிறகு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். களத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு, துரை என்ன சொன்னார் என்று கேட்டார்கள். கூலி என்ற சொல்லை விழுங்கிவிட்டு, "நம்மள்ல ஒருத்தரையும் தெரியாதுன்னு சொன்னாரு" என்றேன்.

மாமா அவிழ்த்த தலைத்துண்டைக் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எம் பேரு தெரியும்மா அவருக்கு" என்றார். "எம் பொஞ்சாதி பேரு தெரியும். பொறந்த மூணாம் நாளு செத்துச்சே எம் மவ, அது பேருகூடத் தெரியும். புகைக் கொட்டாயில உக்காந்து தெனமும் கேப்பாரு, நான் சொல்லுவேன்."

அப்படியே களத்து மண்ணில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.